ஏழு பங்கு ரேடியோ

உக்காருங்க தம்பி, ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? எம் பொண்டாட்டி பொடவை மாத்திக்கிட்டிருக்கா. பொம்பளைங்க கிளம்புறதுன்னா தெரியாதா. என்னைப் பாருங்க, நீங்க வாசல்ல வந்து நின்னு "ஆறுகாட்டுத்துறையிலேருந்து வர்றேன், பாக்கியம்மா வீட்டுலேருந்து காரு அனுப்பியிருக்காங்க, அம்மா இருக்காங்களா"ன்னு கேட்ட மறுநிமிஷம் வெள்ளைச் சட்டைய எடுத்து மாட்டிட்டேன். பட்டன்தான் போடல. வயசாச்சுல்ல.

தண்ணி? வேண்டாமா. மோரு? அதுவும் வேண்டாமா. சரி, உங்க இஷ்டம்.

இருங்க, இருங்க. என்னமோ சொல்ல வாயெடுக்கிறதும் முழுங்குறதுமா இருக்கீங்க. எனக்குத் தெரியும் என்ன சொல்லப் போறீங்கன்னு. "அய்யா, அங்க வந்து பழசையெல்லாம் பேச வேண்டாம்"னு சொல்லச் சொல்லியிருப்பா. பேச மாட்டேன் தம்பி. நாப்பது வருஷம் கழிச்சுக் கூடப் பொறந்தவ காரு அனுப்பிக் கூப்புடுறா, அங்க போயி சண்டையா போடுவேன்? நாப்பது வருஷம்! என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. இந்த வேதையன் செத்தானா இருக்கானான்னு கேக்காதவ. இன்னைக்கு காரு. வெள்ளைக் காரு.

நீங்க அந்த ஊர்க்காரரு. அங்க என்னைப் பத்தி என்ன சொல்லி வச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? விரலை வெட்டினவன். அதான? ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுட்டு, வழியெல்லாம் என்னை முன்சீட்டுல வச்சுக்கிட்டு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வருவீங்க. அது வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லிடுறேன். அப்புறம் நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு.

இந்தாங்க, இதான் அது. கையில வாங்கிப் பாருங்க, கடிக்காது. ஜப்பான் ரேடியோ. எம்புட்டுச் சின்னதா இருக்கு பாருங்க, சட்டைப்பையில போட்டுக்கலாம். தோல் உறை இருந்துச்சு, உப்புக்காத்துல உளுத்துப் போச்சு. பக்கத்துல இந்த மஞ்சள் சக்கரம் இருக்குல்ல, அதை நெம்பினா டிக்குன்னு சத்தம் கேக்கும், அப்புறம் பாட்டு வரும். இந்த ஓட்டையில ஒரு ஒயரைச் சொருகி, நுனியில இருக்கிற குமிழைக் காதுல வச்சுக்கணும். ஒரு காதுக்குத்தான். ஒரு ஆளுக்குத்தான். இதை வச்சுக்குங்க மனசுல.

மூலையில வெட்டுப்பட்டிருக்குல்ல? அதுக்கு வர்றேன்.

அப்பா அம்மா போனப்ப எனக்கு இருபத்தாறு வயசு. அப்பா கடலோட போயிட்டாரு, அம்மா வாந்திபேதியில போயிட்டா. பாக்கியம் எட்டு வயசுப் புள்ள. நான்தான் தூக்கி வளத்தேன் தம்பி. தலை சீவி விட்டிருக்கேன், பேன் பாத்து விட்டிருக்கேன், எந்த அண்ணன் செய்வான்? பத்தொன்பதுல நாகமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்தேன். அவனுக்குக் கட்டுமரமும் கிடையாது வலையும் கிடையாது. ரெண்டு கைதான். ஆனா அந்தக் கை என்ன கைங்கிறீங்க! வலை இழுத்தான்னா மரம் சாயும். வேற ஊர்ல கொடுத்தா தங்கச்சி தூரமாப் போயிடுவாளேன்னு, என் மரத்துல ஆளா வந்துக்கிட்டிருந்தவனுக்கே கொடுத்தேன். மூணு வீடு தள்ளிக் குடிசை போட்டும் கொடுத்தேன். அவ சிரிச்சா என் வீட்டுக்குக் கேக்கும்.

என் கட்டுமரத்துல நாங்க நாலு பேரு. நான், நாகமுத்து, அஞ்சப்பன் பெரியப்பா, அப்புறம் காத்தான்னு ஒருத்தன். பெரியப்பாவும் காத்தானும் இப்ப இல்ல.

ஒரு மாசி மாசம். விடிஞ்சு கொஞ்ச நேரம் இருக்கும், கவலை மீனுக்கு வலை போட்டுக் காத்துக்கிட்டிருக்கோம். ஒரு பெரிய பிஸ்கட் டின்னு மெதந்து வருது. மூடியச் சுத்தி மெழுகு. முந்தின நாள் சிலோன் கடத்தல் படகு ஒண்ணை கஸ்டம்ஸ்காரன் வெரட்டினான்னு பேச்சு இருந்துச்சு, அவன் தூக்கிப் போட்டதா இருக்கும். உள்ள நைலான் சட்டையெல்லாம் தண்ணியில ஊறி நாறிப் போச்சு. நடுவுல ஒரு ரப்பர் பை. அதுக்குள்ள சொட்டுத் தண்ணி படாம இது இருக்கு.

காத்தான் சக்கரத்தை நெம்பிட்டான். டிக்குன்னுச்சு. ஒரு பொம்பள பேசுறா தம்பி! நடுக்கடல்ல! அஞ்சப்பன் பெரியப்பா துடுப்பைப் போட்டுட்டு மாரியாத்தான்னு கும்புட்டுட்டாரு. சிலோன் ரேடியோ. எங்க கரைக்கு அது பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி எடுக்கும்.

கொண்டுபோயி அதிகாரிகிட்டக் கொடுத்திருக்கணும். அது சட்டம். ஆனா கடல் கொடுத்ததை எவனாவது கொண்டுபோயி இன்னொருத்தன்கிட்டக் கொடுப்பானா? வலையில விழுந்தது நெத்திலியானாலும் சுறாவானாலும் பங்குதான். எங்க ஊர்ல அதுக்கு மேல பேச்சு கிடையாது. மரத்துக்கு ரெண்டு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. நாலு ஆளுக்கு நாலு. கூட்டிப் பாருங்க. ஏழு. பெரியப்பாதான் சொன்னாரு, "ரேடியோவை அறுக்கவா முடியும்? வாரத்துக்கு நாள் ஏழு. பங்கு ஏழு. ஆத்தாளே போட்டுக் கொடுத்த கணக்குடா வேதையா"ன்னு. எல்லாருக்கும் உடம்பு சிலுத்துப் போச்சு.

மரம் என்னுது. வலை என்னுது. அதனால வெள்ளி, சனி, ஞாயிறு, திங்க, நாலு நாளும் எனக்கு. வெள்ளி வலைப் பங்கு. சனியும் ஞாயிறும் மரப் பங்கு. திங்க என் ஆள் பங்கு. செவ்வா பெரியப்பாவுக்கு, புதன் காத்தானுக்கு, வியாழன் நாகமுத்துவுக்கு. இதுல நான் யாரையாவது ஏமாத்தினேனா? சொல்லுங்க. ஊர் மொறை அது.

எல்லாரும் சேந்து ஒண்ணா உக்காந்து கேட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. எப்புடிக் கேக்குறது? அப்ப ரேடியோவுக்கு லைசென்ஸ் வேணும் தம்பி, தபாலாபீசுல போயி எடுக்கணும். கடல்ல மெதந்து வந்ததுக்கு எவன் லைசென்ஸ் கொடுப்பான்? சத்தமா வச்சா மூணாம் நாள் ஜீப்பு வந்து நிக்கும். அதனால ஒயருதான். காதுல குமிழை வச்சுக்கிட்டு, துண்டைத் தலையில போட்டுக்கிட்டு, காதுவலிக்காரன் மாதிரி உக்காந்து கேப்போம்.

ஆனா ஒண்ணு சொல்றேன். மொத வெள்ளிக்கிழம இந்தக் காதுல அந்தப் பாட்டு வந்துச்சு பாருங்க, நான் அழுதுட்டேன். எதுக்குன்னு கேக்காதீங்க. ஊர்ல நூறு பேரு இருக்கான், எவனுக்கும் கேக்காதது எனக்கு மட்டும் கேக்குது. அந்தப் பொம்பள எனக்காகவே பாடுற மாதிரி. அம்மா செத்ததுக்குக்கூட அழாதவன் நான்.

செண்பகம் அப்ப கல்யாணமாகி வந்து மூணு வருஷம். "அதுல என்ன சொல்றாங்க"ன்னு ஒரு தடவ கேட்டா. "ஆம்பளைங்க பங்கு அது, உனக்கு எதுக்கு"ன்னேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல. அவளுக்கு அதுலயெல்லாம் ஆசை கிடையாது. நல்லவ.

இப்புடியே ரெண்டு மாசம் ஒழுங்காப் போச்சு. சித்திரையில ஒரு வியாழக்கிழம. வலையில கிழிசல், நூல் கேக்கலாம்னு நாகமுத்து வீட்டுப் பக்கம் போறேன். பாக்கியம் கொல்லையில உக்காந்து மீன் ஆய்ஞ்சுக்கிட்டிருக்கா. அவ காதுல ஒயரு! கையெல்லாம் செதிலு, தானா சிரிக்கிறா. இவன் பின்னால குந்திக்கிட்டு, அவ காதுமேல விழுந்த முடிய ஒரு விரலால ஒதுக்கி விடுறான். குமிழு நழுவினா எடுத்து வச்சு விடுறான். பட்டப்பகல்ல தம்பி!

எனக்கு எப்புடி இருக்கும் சொல்லுங்க. ஆள் பங்குன்னா கடலுக்குப் போற ஆளுக்கு. அலையில நெஞ்சு அடிபட்டவனுக்கு. கொல்லையில மீன் ஆயுறவளுக்கு எதுல பங்கு? இவன் தன் பங்கைக் கேக்கல, தூக்கிப் பொம்பள காதுல வச்சிருக்கான். நாளைக்கு ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் எனக்கு எனக்குன்னு வந்து நின்னா? மொறைன்னு ஒண்ணு இல்ல? என் தங்கச்சி சந்தோசமா இருந்தா எனக்கு வயித்தெரிச்சலா? அப்புடியும் ஒரு பேச்சு கிளப்பி விட்டானுங்க. எவன் சொன்னாலும் நாக்கு அழுகிடும்.

"கழட்டுடி"ன்னேன். அவளுக்குக் கேக்கல. பாட்டு ஓடுதுல்ல. சிரிச்சுக்கிட்டே நிமிர்ந்து, "அண்ணே, இதைக் கேளேன்"னு சொல்றா. எனக்கு வந்த கோவத்துல செவிட்டுல ஒண்ணு விட்டேன். ஒண்ணே ஒண்ணு. குமிழு உள்ள இருந்ததை நான் யோசிக்கல. யோசிச்சுட்டா அடிப்பாங்க? கத்தினா பாருங்க, காக்காயெல்லாம் பறந்துச்சு. காதுலேருந்து ரத்தம் கழுத்துல எறங்குது.

அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியல. நாகமுத்து துடுப்பை எடுத்து என் வாயிலேயே ஒண்ணு போட்டுட்டான். இங்க பாருங்க, முன்னால ரெண்டு பல்லு இல்ல. அன்னைக்குப் போனதுதான். நான் மீன் அருவாமணையத் தூக்கி எறிஞ்சேன், அது அவன் தொடையக் கிழிச்சுது. அவன் என் மேல ஏறி உக்காந்து மண்ணுல மொகத்தைத் தேய்க்கிறான். மூக்குல மண்ணு, வாயில ரத்தம். தங்கச்சிக்குப் புருசன்னு ஒரே காரணத்துக்காகத்தான் நான் அவன் குரல்வளையக் கடிக்கல. காத்தானும் பெரியப்பாவும் வந்து பிரிச்சு விட்டாங்க.

அவளுக்கு அந்தக் காது போச்சு. நாகப்பட்டினத்துல டாக்டரு பாத்துட்டு சவ்வு கிழிஞ்சு போச்சு, இனி வராதுன்னுட்டாரு. நான் செலவுக்குக் கொடுத்தனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டா. அது வேற.

மாரியம்மன் கோயில் வாசல்ல பஞ்சாயத்துக் கூடுச்சு. ஊருக்கே விசயம் தெரிஞ்சுபோச்சு, ஆனா எங்க ஊர்ல எவனும் வெளிய மூச்சு விட மாட்டான். ஊருக்குப் பெரியவரு நாட்டாரு வெத்தலையத் துப்பினாரு. அப்புறம் சொன்னாரு பாருங்க ஒரு தீர்ப்பு. கேட்டதே கிடையாது அந்த மாதிரி. "காதைக் கெடுத்தவன் காதுக்குப் பங்கு கொடுக்கணும். வேதையன் வலைப் பங்கு வெள்ளிக்கிழம இனி பாக்கியத்துக்கு. அவ பேருலயே. புருசன் பேருல இல்ல. அடிச்ச கையாலேயே சபையில கொடுத்துட்டு விழுந்து கும்புடு"ன்னாரு.

பொம்பளைக்கு வலைப் பங்கு! எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துல கிடையாது. கொடுத்தேன். விழுந்தேன். நெத்தியில மணல் ஒட்டியிருக்கு, அதைத் துடைக்கிறதுக்குள்ள பின்னால ஒருத்தன் சொல்றான், "நாலு நாள்ல ஒண்ணு போச்சுன்னா மூணு. இனிமே இவன் முக்கா சம்மாட்டிடா"ன்னு. சபையே சிரிச்சுது. சம்மாட்டின்னா மரத்துக்குச் சொந்தக்காரன் தம்பி. மறுநாள் கரையில எறங்குறேன், "முக்கா சம்மாட்டி வந்துட்டாரு." டீக்கடையில, "முக்கா சம்மாட்டிக்கு முக்கா டீ." சின்னப் புள்ளைங்ககூட. ஒரு ஆம்பள எத்தனை நாளு பொறுப்பான்?

நாகமுத்து என் மரத்தை விட்டுட்டு இன்னொருத்தன் மரத்துக்குப் போயிட்டான். போடா. ஆனா மரத்தை விட்டவனுக்கு மரத்துல பங்கு ஏது? நான் நியாயம் கேக்குறேன். பங்கு வேணும்னா மரத்துல இருக்கணும். அவன் சொல்றான், ரேடியோ கிடைச்ச அன்னைக்கு நான் மரத்துல இருந்தேன்ல, அன்னைக்குக் கடல்ல கிடைச்ச பாடு அன்னைக்குப் பங்குன்னு. நாட்டாருகிட்ட மறுபடி போனேன். அவரு என்னைப் பாத்து, "வேதையா, ஒரு பெட்டிக்காகத் தங்கச்சிய விட்டுடாதடா"ன்னாரு. நானா விட்டேன்? அவதான் மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறா. தண்ணிக்குப் போற வழியில நான் எதுக்க வந்தா, கேக்காத காதை என் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டுப் போவா. வேணும்னே.

ஆனி மாசம். வெள்ளிக்கிழம, மத்தியானம். கூரைக்குக் கீத்து முடைஞ்சு வச்சிருந்தேன், அதை நறுக்க அருவா கையில இருந்துச்சு. அதுக்காகத்தான் எடுத்தேன், வேற எதுக்கும் இல்ல. கொஞ்சம் சாராயம் போட்டிருந்தேன், ரொம்ப இல்ல. காத்து அந்தப் பக்கத்துலேருந்து வருது. அவ சிரிக்கிற சத்தம். ஒத்தக் காதுலயும் சிரிக்கிறா தம்பி! என் வலைப் பங்கை நல்ல காதுல மாட்டிக்கிட்டு!

போனேன். உள்ளேதான் இருந்தாங்க. ரேடியோ அவ மடியில. நான் கையப் போட்டேன். அதுக்குள்ள நாகமுத்து பாய்ஞ்சு அது மேல கைய வச்சு அழுத்திக்கிட்டான், அம்மிக்கல்லு மேல. "மச்சான், இது அவ பங்கு. சபை கொடுத்தது. வெளிய போ"ங்கிறான். விடுன்னேன். விடல. விடுடான்னேன். "பொண்டாட்டிக்கு ஒரு நாள் கொடுக்கத் துப்பில்ல, வந்துட்டான் பங்கு பேச"ங்கிறான். மூணு தடவ சொன்னேன் தம்பி. சாமி சத்தியமா மூணு தடவ விடுன்னு சொன்னேன். நாலாவது தடவ வெட்டிட்டேன்.

ரேடியோ மேல படாம வெட்டணும்னுதான் பாத்தேன். அப்புடியும் மூலையில பட்டுடுச்சு. அதான் இந்த வெட்டு. வலது கை. கட்டைவிரல் மட்டும் நின்னுச்சு. மத்த நாலும் அம்மி மேலேயே கெடந்துச்சு. அவன் கையப் பாத்துக்கிட்டே நிக்கிறான். அப்புறம்தான் ரத்தம் அடிச்சுது, செவுருலெல்லாம். என் கண்ணுலயும்.

பாக்கியம் என்ன செஞ்சா தெரியுமா? அழல. அந்த நாலு விரலையும் பொறுக்கி முந்தானையில போட்டு முடிஞ்சா. அவன் கைய துணியச் சுத்திக் கட்டினா. அப்புறம் காதுலேருந்து குமிழை எடுத்தா, ஒயரைச் சுத்தினா, சக்கரத்தைத் திருப்பி டிக்குன்னு நிறுத்தினா. என் கையப் புடிச்சு உள்ளங்கையில வச்சு விரலை மூடி விட்டா. "எடுத்துட்டுப் போண்ணே. ஏழு நாளும் உனக்கே"ன்னா.

கேட்டீங்களா? அவளே கொடுத்தா. தன் கையால. நான் புடுங்கல. ஆறுகாட்டுத்துறையில நான் புடுங்கிட்டுப் போனேன்னுதான் சொல்லியிருப்பாங்க. இல்ல. அண்ணே வச்சுக்கன்னு மனசாரக் கொடுத்தா. அந்த நேரத்துலயும் அண்ணேன்னுதான் கூப்புட்டா.

ஆஸ்பத்திரியில சேத்தாங்க. அருவா வெட்டுன்னா போலீசு வராம இருக்குமா? வந்தாங்க. எங்க ஊரு மொத்தமும் ஒரே வாய். வலை வடம் கையில சுத்திக்கிச்சு, இழுத்துட்டுப் போயிடுச்சுன்னு. நாகமுத்துவும் அதையே சொன்னான். பாக்கியத்தையும் கேட்டாங்க. தனியாக் கூப்புட்டுக் கேட்டாங்க. "வடம்தான் சார்"னா. என் தங்கச்சி என்னை விட்டுக் கொடுக்கல பாத்தீங்களா! ரேடியோ விசயம் வெளிய வந்தா புருசனையும் சேத்து உள்ள வைப்பான்னு பயந்துதான் அவ அப்புடிச் சொன்னான்னு காத்தான் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும், கூடப் பொறந்தவனா அவன்?

கட்டைவிரலை வச்சுக்கிட்டு எவன் வலை இழுக்க முடியும். ஒரு மாசத்துல குடிசையப் பிரிச்சுக்கிட்டு ஆறுகாட்டுத்துறைக்குப் போயிட்டாங்க. அங்க உப்பளத்துல காவலுக்கு இருந்தான்னு கேள்விப்பட்டேன். அவ கூடை தூக்கி வித்தா. நான் சும்மா இருந்துட்டேன்னு நெனைக்காதீங்க. அவன் ஆள் பங்கை எடுத்து வச்சேன். ஒவ்வொரு தடவ கடலுக்குப் போனப்பவும். கருவாடாப் போட்டு, பஸ்ஸுல ஆள்கிட்டக் கொடுத்து அனுப்புவேன். ரெண்டு வருஷம் அனுப்பினேன். அதைப் பிரிக்காம நாய்க்குப் போட்டாளாம். திமிரு. எங்க அப்பா மாதிரி.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி நாகமுத்து போயிட்டான்ல. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் மாலை வாங்கிக்கிட்டுப் போனேன். வாசல்ல பந்தல், ஜனம், தப்பு மேளம். நான் பந்தலுக்குள்ள காலை வச்சேன். உலக்கையோட வந்தா தம்பி! அம்பது தாண்டின பொம்பள. என் மண்டையில போட்டா ஒண்ணு. இங்க தொட்டுப் பாருங்க, குழியா இருக்கும். மறுபடி ஓங்கினா, ஆளுங்க புடிச்சுக்கிட்டாங்க. ஏழு தையலு. நான் திருப்பி ஒரு வார்த்தை பேசல. பொறந்தவ அடிச்சா அது அடியா? பாசம் இல்லாட்டி அடிப்பாளா, மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருக்க மாட்டா? அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கோவம் எறங்க ஆரம்பிச்சுடுச்சுன்னு. எட்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். தெனம் பஸ்ஸு வர்ற நேரத்துக்கு வாசல்ல உக்காந்திருப்பேன். செண்பகத்தை வேணும்னா கேளுங்க.

இப்ப காரே வந்துடுச்சு.

அவகிட்ட என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருக்கேன். பழசைப் பேச மாட்டேன். போயி பக்கத்துல உக்காருவேன். நல்ல காதுப் பக்கமா உக்காரணும், எது நல்ல காதுன்னு எனக்குத்தான் தெரியுமே. "பாக்கியம், சோறு போடு"ன்னு மட்டும் சொல்லுவேன். அவ கையால ஒரு வாய் சாப்புட்டா போதும் தம்பி. அதுக்கப்புறம் எப்ப வேணும்னாலும் போகலாம். எனக்கு வேற என்ன இருக்கு?

நீங்க ஏன் கண்ணைத் துடைக்கிறீங்க?

இந்தா வந்துட்டா. ஏன்டி, இம்புட்டு நேரமா? என்ன கோலம் இது? தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, அழுக்குப் பொடவையக் கட்டிக்கிட்டு. நல்லது நடக்கப் போற வீட்டுக்கு இப்புடியா வருவாங்க? கையில என்ன அது, புதுச் சேலையா? கோடிச் சேலை மாதிரி இருக்கு. யாருக்கு?

யாருக்குடி?

தம்பி, நீங்க சொல்லுங்க. அவ பேச மாட்டேங்கிறா. நீங்க சொல்லுங்க.

எப்ப?

விடிகாலையிலயா. அஞ்சு மணிக்கா. நான் அப்ப எந்திரிச்சு வாசல்ல உக்காந்திருந்தேனே. எனக்கு ஒண்ணும் தோணலையே. ஏன் வந்த ஒடனே சொல்லல? நானா? நான் சொல்ல விடலையா? செண்பகம், உனக்கு மட்டும் அவரு மொகத்தைப் பாத்தே தெரிஞ்சுபோச்சா?

சரி. சரி. எந்திரிக்கிறேன், கையக் கொடுங்க. அழுறதுக்கு இப்ப நேரம் இல்ல. பொறந்த வீட்டுக் கோடி போயி மேல விழாம பொம்பளைய எடுக்க மாட்டாங்க. நமக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. அண்ணன் நான்தானே. என்னைத் தவிர அவளுக்குப் பொறந்த வீடு ஏது? அந்தச் சேலையக் கொடு செண்பகம், நான் கொண்டுவர்றேன்.

கொடுன்னு சொல்றேன்ல.

என்ன? யாரு சொன்னா? அவளா? அவ வாயால சொன்னாளா? அண்ணி மட்டும் வரணும், அண்ணன் கைபட்ட துணி என் மேல விழக் கூடாதுன்னா? தெருவுல அவன் கால் வைக்கக் கூடாதுன்னா? இது உனக்கு எப்புடித் தெரியும்? நீதான் வேதாரண்யம் கோயிலுக்கு மாசா மாசம் போறவ ஆச்சே, ஆறுகாட்டுத்துறைக்கு எங்க... கோயில்லயேவா? மாசா மாசமா? எத்தனை வருஷமா? முப்பது வருஷமா ரெண்டு பேரும் ஒக்காந்து பேசியிருக்கீங்க? என்ன பேசுனீங்க? என்னைப் பத்தி என்ன பேசுனீங்க?

ஒண்ணும் பேசலையா. என் பேச்சே எடுத்ததில்லையா.

அடி நாயே! என் சோத்தைத் தின்னுட்டு, முப்பது வருஷமா என் கண்ணு முன்னால... விடுங்க தம்பி, கைய விடுங்க. இது புருசன் பொண்டாட்டி விசயம், நீங்க ஏன் குறுக்க வர்றீங்க? கைய விடுங்கன்னா! நில்லுடி! நில்லு! நான் சொல்லாம வாசப்படி தாண்டிடுவியா?

தாண்டிட்டா.

பின்சீட்டுல ஏறிட்டா பாருங்க. திரும்பிக்கூடப் பாக்கல. செண்பகம்! ஏய், செண்பகம்!

தம்பி. கொஞ்சம் இருங்க. வண்டிய எடுக்காதீங்க. நீங்க நல்ல மனுசன், இம்புட்டு நேரம் பொறுமையாக் கேட்டீங்க. உங்க காலைத் தொடுறேன். முன்சீட்டு காலியாத்தானே இருக்கு? நான் தெருவுக்குள்ள வரல. சத்தியமா வரல. பந்தல் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். ஊர் எல்லையில, சுடுகாட்டுக்குத் திரும்புற எடத்துல என்னை எறக்கி விட்டுடுங்க. அந்த வழியாத்தானே தூக்கிக்கிட்டு வருவாங்க? ஓரமா நின்னுக்குறேன். துண்டைத் தலையில போட்டுக்குறேன், எவனுக்கும் நான் யாருன்னு தெரியாது. நான்தானே தூக்கி வளத்தேன் தம்பி. மொகத்தை மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்குறேன்.

செண்பகம், கண்ணாடிய ஏத்தாத. அவருகிட்ட நீயே சொல்லு. நான் உன்னை அடிக்கல, கைதான் ஓங்கினேன். சொல்லும்மா.

கதவைத் தொறங்க தம்பி.